முதல் பெஞ்சில் இரண்டு பம்பரம்

பிரேக் அக்காவுக்கு அந்தப் பெயர் வந்ததில் மர்மம் ஒன்றுமில்லை. கார் ஓட்டச் சொல்லிக் கொடுப்பது அவள் தொழில். பயிற்சிக் காரில் அவள் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதன் மேல் வைத்த வலது காலை அவள் எடுத்ததாகச் சரித்திரமே இல்லை. கற்றுக்கொள்ள வருகிறவர் கியரை மாற்றுவதற்குள் வண்டி நின்றுவிடும். பழக்கத்தைக் காரோடு விட்டுவிட்டு வந்தாலாவது பரவாயில்லை. கணவரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தாலும் அமுக்குவாள். சினிமாவில் கதாநாயகன் வண்டி வேகமெடுத்தாலும் அமுக்குவாள், முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்து முறைப்பார்.

இப்படி எதையும் நிறுத்தத் தெரிந்தவளுக்கு ஒன்றே ஒன்றைத் தொடங்கத் தெரியவில்லை. அது பம்பரத்தோடு பேச்சு. பம்பரம் பள்ளியில் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள்; ஓரிடத்தில் நிற்க மாட்டாள் என்பதால் அந்தப் பட்டப்பெயர். கடைசி வருஷ விளையாட்டு விழாவில் ரிலே ஓட்டம் நடந்தது. மூன்றாவதாக ஓடி வந்த பம்பரம் கட்டையைக் கொடுக்க, நான்காவதாக ஓட நின்ற இவள் வாங்க, நடுவில் கட்டை கீழே விழுந்தது. நீதான் போட்டாய் என்று இவள், நீதான் வாங்கவில்லை என்று அவள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர்கள் மைதானத்தையும் விட்டுவைக்கவில்லை. மறுநாள் காலை பெஞ்சின் நடுவே காம்பஸ் முனையால் ஆழமாக ஒரு கோடு விழுந்தது. பள்ளி முடிந்து, ஆளுக்கொரு திசையாகப் போய், இருவருக்கும் தலை நரைத்த பிறகும் அந்தப் பேச்சு நின்றது நின்றதுதான்.

ஒருநாள் பயிற்சி முடித்த ஒருவர் அக்காவிடம் சாவியை நீட்ட, அது கை நழுவி விழுந்தது. "நான் போடல!" என்று அவள் போட்ட கூச்சலில் அந்த மனிதர் மறுநாள் முதல் வேறு பயிற்சிப் பள்ளிக்குப் போய்விட்டார். அன்றுதான் அவளுக்கு உறைத்தது. கோபம் எப்போதோ ஆறிப் போயிருந்தது. பம்பரம் இல்லாமல் இருப்பதுதான் ஆறவில்லை.

பள்ளியில் பழைய மாணவர் அலுவலகம் என்று ஒன்று இருக்கிறது. சைக்கிள் நிறுத்துமிடத்தை ஒட்டி ஒரு சின்ன அறை, அலமாரி நிறைய தூசி படிந்த கோப்பைகள். அங்கிருந்த அலுவலர் எள் என்றால் எண்ணெயாக நிற்பவர். என்ன, அந்த எண்ணெயும் விதிமுறைப்படிதான் ஓடும்.

"அவங்க நம்பர் எங்ககிட்ட இருக்கு மேடம். ஆனா தர முடியாது" என்றார் பெருமையாக.

"ஏன் சார்?"

"உங்க நம்பர வேற யாராவது கேட்டு, நாங்க தூக்கிக் குடுத்தா உங்களுக்குப் பிடிக்குமா?"

"ஏன், அவ கேட்டாளா?" என்று அக்கா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

"அதையும் சொல்ல முடியாது மேடம். ஒண்ணு பண்ணலாம். உங்க வகுப்புக்கு ஒரு சந்திப்பு நடத்துங்க. அழைப்ப நாங்களே எல்லாருக்கும் அனுப்பிடுவோம். உங்க பழைய அறையத் தர்றோம். அதே பெஞ்சு. அந்தக் காலத்துல யார் எங்க உக்காந்தாங்களோ அங்கயே உக்கார வச்சு போட்டோ எடுக்கிறோம். வகுப்புல பாதிப் பேருக்கு மேல வரணும், அவ்வளவுதான்."

வீட்டில் கணவர் மூக்குக் கண்ணாடி ஒன்றைத் துடைத்துக்கொண்டே கேட்டார். அவருக்குக் கண்ணாடிக் கடை. "ஒருத்தியப் பாக்க ஊரையே கூட்டுறியா?"

"ஊரக் கூட்டாம அவளக் கூப்பிட வழியில்லையே."

அழைப்பு போனது. பதில்களும் வந்தன. பாதிப் பேர் "பார்க்கலாம்" என்றார்கள். அப்படியென்றால் வரமாட்டோம் என்று அர்த்தம். மீதிப் பேர் "கண்டிப்பா வர்றேன்" என்றார்கள்; அதற்கும் அதே அர்த்தம். உருப்படியாகத் தேறியது ஆறு பேர். பம்பரத்திடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. சந்திப்பை ரத்து செய்துவிடலாமா என்று அலுவலர் மூன்றாம் முறையாகக் கேட்டுவிட்டார். நடக்காத கூட்டத்துக்கு அவள் எப்படி வருவாள்?

அதனால்தான் பிரேக் அக்கா முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் துணிந்தாள். தன்னிடம் கார் கற்கிற ஆண் பெண் எல்லாரையும் கூட்டி, ஆளுக்கொரு பழைய மாணவராக நியமித்தாள். உண்மைப் பெயர் எதுவும் அவளுக்கு நினைவில்லாததால் சட்டையில் குத்தும் அட்டைகளில் பட்டப்பெயர்கள்தான்: ஊசி, மொட்டை, சைரன், ஒட்டகம். அட்டைகளை அவரவர் வாசல் மேசையில் வாங்கிக்கொள்ள வேண்டும்; பம்பரத்தின் அட்டையை மட்டும் யாருக்கும் ஒதுக்காமல் அங்கேயே வைத்தாள்.

கற்றுக்கொள்கிறவர்கள் காரில் காட்டாத அக்கறையை இதில் காட்டினார்கள். ஸ்டியரிங்கைப் பிடிக்கவே நடுங்குகிற தபால்காரர், "கணக்குல நான் பாஸா பெயிலா அக்கா? அதுக்கு ஏத்த மாதிரி முகத்த வச்சுக்கணும்ல" என்று கேட்டார்.

சந்திப்பு அன்று அறை நிரம்பி வழிந்தது. உண்மையாக வந்த ஆறு பேரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஒருவர் தபால்காரரைக் கட்டிப்பிடித்து, "மொட்டை! நீ மாறவே இல்லடா!" என்று கண்ணீர் விட்டார். இன்னொருவர் ஊசியாக வந்திருந்த இருபத்தைந்து வயது சலூன்காரரை ஓரங்கட்டி, "நீ மட்டும் எப்படி இப்படியே இருக்கே? என்னதான் சாப்பிடுறே?" என்று துருவிக்கொண்டிருந்தார். வாசல் மேசையில் அலுவலர் தலைகளை எண்ணி எண்ணிப் பூரித்தார்.

அக்கா முதல் பெஞ்சில் தன் இடத்தில் உட்கார்ந்து வாசலையே பார்த்தாள். பக்கத்தில் இடம் காலி. காம்பஸ் கோடு அழியாமல் அப்படியே இருந்தது. அப்போது கடைசி பெஞ்சுக்கு ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். ஐந்தடிகூட இல்லாத உருவம், முகத்தில் பாதியை மறைக்கிற கறுப்புக் கண்ணாடி, நெஞ்சில் 'ஒட்டகம்' அட்டை. ஒட்டகமாக வர வேண்டிய பிளம்பர் வரவில்லை போலிருக்கிறது, யாரையோ பதிலுக்கு அனுப்பியிருக்கிறார் என்று அக்கா நினைத்தாள்.

அடுத்த நிமிஷம் பக்கத்து இடத்தில் யாரோ தொப்பென்று உட்கார்ந்தார்கள். வந்துவிட்டாள் என்றே அக்கா நினைத்தாள். திரும்பினால் பல் டாக்டரம்மா. ஓட்டுநர் தேர்வில் நான்கு முறை தோற்றவள். அவள் நெஞ்சில் 'பம்பரம்'.

"இது உங்களுக்குக் குடுத்த அட்டை இல்லையே?" என்று பல்லைக் கடித்தாள் அக்கா.

"பேசாம இருங்க அக்கா. சாவி விழுந்த கதையும் தெரியும், ரிலே கதையும் தெரியும். உங்க மனசு ஆறட்டும்னுதான்..." டாக்டரம்மாவின் முழங்கை கோட்டைத் தாண்டியது. அக்காவின் முழங்கை தன்னையறியாமல் அதை இடித்துத் தள்ளியது.

டாக்டரம்மா எழுந்து தொண்டையைச் செருமினாள். "எல்லாரும் கேளுங்க! அன்னைக்கு ரிலே ஓட்டத்துல கட்டையக் கீழ போட்டது நான்தான். தப்பு முழுக்க என்னோடது. என்னை மன்னிச்சிடுடீ!"

தபால்காரர் கைதட்டினார். ஆறு பேரில் இரண்டு பேர் மூக்கை உறிஞ்சினார்கள். அத்தனை வருஷம் கேட்க ஏங்கிய வார்த்தை காதில் விழுந்தும் அக்காவுக்குச் சந்தோஷம் துளியும் வரவில்லை.

"யாரு சொன்னது?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. "நான் எதுக்குடீ கட்டையப் போடப் போறேன்? நீ கையையே நீட்டல!"

"ஒட்டகம், உனக்கு எதுக்குடா இந்த வம்பு?" என்றார் மொட்டையைக் கட்டிப்பிடித்தவர், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அக்கா எழுந்து நின்றாள். கறுப்புக் கண்ணாடி கழன்றிருந்தது. ஒட்டகம் பெஞ்சு மேல் ஏறி நின்று கையை ஆட்டியது. ஓரிடத்தில் நிற்க மாட்டாத அதே ஆள்தான்.

"நீ எப்படிடீ ஒட்டகமானே?" என்றாள் அக்கா.

"உங்க வாசல்ல இருக்கிற மனுஷன்தான் பண்ணினாரு! 'பம்பரம் ஏற்கனவே உள்ள போயாச்சு, நீங்க பம்பரமா இருக்க முடியாது'ன்னுட்டாரு. மிச்சம் இருந்தது இதுதான். அட்டை இல்லாம உள்ள விடமாட்டாராம்!"

"விதி அப்படி மேடம்" என்றார் அலுவலர். ஒரே வகுப்பில் இரண்டு பம்பரம் இருப்பது அவர் முகத்தை வெளிற வைத்திருந்தது. டாக்டரம்மா அட்டையைக் கழற்றி உண்மையைச் சொன்னாள். பூசணிக்காய் முழுசாக வெளியே வந்தது. தபால்காரரை அணைத்திருந்தவர் கையை மெல்ல எடுத்தார். கொஞ்சம் யோசித்துத் திரும்பப் போட்டுக்கொண்டார். பாதிப் பேர் இல்லாததால் அறையைப் பூட்ட வேண்டும் என்று அலுவலர் அழாத குறையாக எல்லாரையும் வெளியேற்றி, வரவேற்புப் பதாகையைக் கழற்றிச் சுருட்டினார். அதைப் பம்பரம் அவர் கையிலிருந்து பிடுங்கினாள்.

"வாடீ மைதானத்துக்கு. இன்னைக்கே பாத்துடலாம், கையை நீட்டுறியா இல்லையான்னு."

தலை நரைத்த உருவங்கள் இரண்டு, புழுதி மைதானத்தில் இடம் பிடித்தன. பம்பரம் மூச்சிரைக்க ஓடி வந்தாள். அக்கா கையைப் பின்னால் நீட்டிக்கொண்டு ஓடத் தொடங்கினாள். காலடிச் சத்தம் நெருங்கியது. நெருங்கியதும் அவள் வலது கால் தானாகத் தரையை அமுக்கியது. வண்டி நின்றது. பின்னால் வந்தவள் முதுகில் மோத, பதாகை புழுதியில் உருண்டது.

"பாத்தியா? இப்பவும் நின்னுட்டே! அன்னைக்கும் இப்படித்தான் நின்னே!"

அக்கா குனிந்து தன் காலைப் பார்த்தாள். கார் என்ற ஒன்றைத் தொடுவதற்கு வெகு முன்பே அந்தக் கால் இப்படித்தான் இருந்திருக்கிறது.

"ஆமாடீ. நான்தான். நீ வந்த வேகத்தப் பாத்துப் பயந்துட்டேன். நான்தான் நின்னுட்டேன்."

பம்பரம் இடுப்பில் கைவைத்து அப்படியே நின்றாள். அவள் ஓரிடத்தில் நின்று அக்கா பார்த்தது அதுவே முதல் தடவை. சேர்த்து வைத்திருந்த சண்டையெல்லாம் கையில் மிஞ்சிவிட்டதில் அவளுக்குப் பெரிய ஏமாற்றம்.

"இவ்வளவு சுலபமா ஒத்துக்கிட்டா எப்படி? இனிமே நாம எதப் பத்திப் பேசுறது?"

"உனக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?"

"தெரியாது."

"வா."

பயிற்சிக் கார் பள்ளி முற்றத்தில் நின்றது. பம்பரம் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். வண்டி ஒரு முழம் நகர்ந்து நின்றது. இன்னொரு முழம் நகர்ந்து நின்றது.

"கால எடுடீ."

"மாட்டேன்."

"அன்னைக்குக் கட்டையத்தான் வாங்கல. இன்னைக்கு ஓட்டவாவது விடு."

அக்கா கண்ணை மூடிக்கொண்டு காலை எடுத்தாள். வண்டி போனது. அலுவலர் தினமும் தண்ணீர் ஊற்றி வளர்த்த பெரிய பூந்தொட்டி வரைக்கும் போனது.

தொட்டி உடைந்தது யாரால் என்பது இன்னும் தீரவில்லை. நீதான் திருப்பவில்லை என்று இவள், நீதான் பிரேக் போடவில்லை என்று அவள். அதைப் பற்றிச் சண்டை போட பம்பரம் தினமும் சாயங்காலம் போன் பண்ணுகிறாள். முதல் மணியிலேயே அக்கா எடுத்துவிடுகிறாள்.