மாமியாரைக் கொல்ல முடியாமல் போன மதியம்

இன்று மதியம் ரவிக்கையைத் தளர்த்திக் கொடுக்கச் சொல்லி, புக்கிட் காத்திலில் ஒரு தையல் கடைக்குப் போனேன்.

அங்கே டிவியில் ஓடிக்கொண்டிருந்தது நான் எழுதும் நாடகம். எழுதுவது நான்தான் என்று யாருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை.

கதாநாயகன் முகம் முழுக்கக் கட்டுடன் ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

தையல்கார அக்கா மிஷினை நிறுத்தாமலே சொன்னார்: “மூஞ்சில கட்டு போட்டாச்சா? அப்ப ஆள மாத்தப் போறாங்க லா.”

உண்மைதான். நடிகர் விலகிவிட்டார். ஒரு வாரம் யோசித்து நான் போட்ட கட்டு அது!

மூலையில் பட்டன் தைத்துக்கொண்டிருந்த பெரியம்மா, “மாத்தட்டும். அவன் அழுதா தும்முற மாதிரி இருக்கு,” என்றார்.

அடுத்து திரையில் மாமியார் வந்தார். அக்கா மிஷினை நிறுத்திவிட்டே திட்ட ஆரம்பித்தார். எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை.

“இந்தம்மா செத்துட்டா நல்லா இருக்கும்ல?” என்று போட்டுப் பார்த்தேன். அடுத்த வாரப் படப்பிடிப்பே அவருடைய சாவுதான். எழுதியாகிவிட்டது.

அக்கா பதறிப்போனார். “அலமாக்! அப்புறம் மத்தியானத்துல நான் யாரத் திட்டுறது? இவங்களையா?” என்று பெரியம்மாவைக் காட்டினார். “என் மாமியாரு.”

பெரியம்மா ஊசியை நிறுத்தவில்லை. “அவ சாகக் கூடாதும்மா. அவ இருக்கிறதாலதான் எங்க வீட்ல நான் நல்லவ.”

வீட்டுக்கு வந்ததும் மாமியாரைப் பிழைக்க வைத்துவிட்டேன்.

ஆனால் தயாரிப்பாளருக்கு ஒரு சாவு கட்டாயம் வேண்டுமாம். நாடகத்தில் வரும் கொழுந்தனை மேலே அனுப்பினால், உங்களில் யாராவது அழுவீர்களா?