“குறை எதுவும் இல்ல சார்!”

போன வாரம் ஆம்பூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளிக்குப் போனேன். கல்வித் தரத்தை உயர்த்தும் கூட்டமாம். பத்திரிகையில் பத்தி எழுதுகிறவள் என்பதால் என்னையும் மேடையில் உட்கார வைத்துவிட்டார்கள். தரம் உயர நாற்காலியாவது நிரம்ப வேண்டாமா?

போகும்போது ஷேர் ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் செல்வி. ஷூ கம்பெனியில் தையல் லைனில் வேலை. பாதி நாள் பர்மிஷன் போட்டுவிட்டு அதே கூட்டத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தார். மகள் காவ்யா அங்கே ஐந்தாம் வகுப்பு.

“பாடத்தைக் கடகடன்னு ஒப்பிக்கிறாக்கா. ஆனா ஒரு வார்த்தையைத் தொட்டு, இது இன்னாடின்னு கேட்டா முழிக்கிறா. அடுத்த வருஷம் பெரிய ஸ்கூலு. அங்க போய் இன்னா பண்ணுவா? இன்னிக்கு அதிகாரிகிட்ட கேக்காம வரமாட்டேன்.”

அவர் பேசிய வேகத்தில் எனக்கே பயம் வந்தது... அதிகாரியை நினைத்து.

பள்ளியில் தரம் ஏற்கெனவே உயரமாகத்தான் இருந்தது. வாசலில் பெரிய பேனர். உள்ளே ஸ்மார்ட் டி.வி. – தூசி படாமல் பெட்ஷீட் போர்த்திப் பத்திரமாக வைத்திருந்தார்கள். வகுப்பு டீச்சர் முந்தின வாரம் முழுக்கப் பயிற்சிக்குப் போயிருந்தார். சிறப்பாகப் பாடம் நடத்துவது எப்படி என்று பயிற்சி. அதனால் அந்த வாரம் பாடம் நடக்கவில்லை. இந்த வாரம், பயிற்சிக்குப் போன போட்டோக்களை ஆப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார். நெட்வொர்க் கம்மி. அதனால் இந்த வாரமும்...

அதிகாரி மைக்கைப் பிடித்தார். கழுத்தில் பளபளவென்று அடையாள அட்டை.

“பெற்றோர்கள் தைரியமா பேசலாம். ஏதாவது குறை இருக்கா?”

செல்வி எழுந்தார். நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன்.

“குறை எதுவும் இல்ல சார். குடிதண்ணி நல்லா இருக்குது. லேடீஸ் டாய்லெட் க்ளீனா இருக்குது. டைமுக்கு வீட்டுக்கு வுட்டுர்றாங்க. சூப்பர்வைசர் மரியாதையா பேசுறாங்க.”

“வெரிகுட்!” என்றார் அதிகாரி. தலைமை ஆசிரியைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பள்ளிக்கூடத்தில் ஏது சூப்பர்வைசர் என்று ஒருவரும் கேட்கவில்லை. பாராட்டை யாராவது நோண்டிப் பார்ப்பார்களா?

டீ கொடுக்கும் நேரத்தில் செல்வியைப் பிடித்தேன். கண் கலங்கியிருந்தது.

“ஷூ வாங்குற பையர் ஆளுங்க கம்பெனியப் பாக்க வந்தா இப்டித்தான் சொல்லணும்னு லைன்ல நிக்கவச்சு சொல்லிக் குடுப்பாங்கக்கா. கழுத்துல கார்டு மாட்டிக்கினு ஒருத்தர் குறை இருக்குதான்னு கேட்டாரா... வாய் தானா தொறந்துக்குச்சு. பேஜாரா போச்சு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

அடுத்து வாசிப்புத் திறன். பள்ளியின் ‘சிறந்த வாசிப்பாளர்’ மேடைக்கு வந்தாள். யார் என்கிறீர்கள்? காவ்யாவேதான்!

அதிகாரி ஏதோ ஒரு பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தார். காவ்யா வரிக்கு வரி விரலை ஓட்டிப் பொழிந்து தள்ளினாள். ஒரு தடங்கல் கிடையாது. நான் எட்டிப் பார்த்தேன். விரல் ஓடியது ரயில் பாடத்தில். வாயில் வந்தது மழைநீர் சேகரிப்பு.

அதிகாரி கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். ஷூவில் ஒரு தையல் விட்டிருந்தால் கம்பெனியில் பெட்டிக்குள் போக விடமாட்டார்கள். நாம் கைதட்டி ஆறாம் வகுப்புக்கு அனுப்பிவிடுவோம்.

கைதட்டாத ஒரே ஆள் செல்வி. விறுவிறுவென்று மேடைக்கு வந்து, ரயில் படத்துக்குக் கீழே ஒரு சொல்லைத் தொட்டார்.

“இத மட்டும் படிம்மா.”

காவ்யா அம்மாவைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். விரல் மட்டும் அந்தச் சொல்லின் மேலேயே நின்றது.

டீச்சர்தான் முதலில் வாயைத் திறந்தார். “எழுத்துக் கூட்டவே வரல சார் இவளுக்கு. இவள மாதிரி இன்னும் நிறைய பேர் இருக்காங்க. இந்த ஆப், போட்டோ எல்லாத்தையும் வேற யார்கிட்டயாவது குடுங்க. காலைல ஒரு மணி நேரம் பசங்களோட என்னை விடுங்க, போதும்.”

அதிகாரி தீவிரமாக யோசித்தார்.

“நல்ல ஐடியா மேடம். இதையே ஒரு பயிற்சியா வச்சிடலாம். நீங்களே வந்து நடத்துங்க... ஒரு வாரம்.”

திரும்பும்போது கேட் வரைக்கும் அம்மா கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள் காவ்யா.

“நான் நல்லா சொன்னனாம்மா?”

“நல்லா சொன்னடி. நானும் நல்லாத்தான் சொன்னேன்” என்றார் செல்வி.

சொல்லிக் கொடுத்ததை ஒரு சொல் பிசகாமல் சொல்கிறார்கள் இருவரும். படிக்கத்தான் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை!