டாக்டர் பேசிய தமிழ்

போன வருஷம் பெங்களூரில் மழை ஆரம்பித்த சமயம் அது. நாங்கள் இருப்பது நீலசந்திராவில். என் வீட்டுக்காரர் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஆட்டோ ஓட்டுகிறார். நான் பெண்கள் தங்கும் ஒரு பி.ஜி.யில் சமையல் செய்கிறேன். ஊரான் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் உப்பு, காரம் பார்த்துப் போடுகிற எனக்கு, என் வீட்டு மனுஷன் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று தெரியாமல் போய்விட்டது பாருங்கள்!

அவருக்குச் சர்க்கரை வியாதி உண்டு. காலையில் டிபன் தட்டோடு மாத்திரையையும் வைத்துவிட்டுத்தான் வேலைக்கு ஓடுவேன். "போட்டாச்சா?" என்று கேட்டால் "ஆச்சு ஆச்சு" என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய காக்கிச் சட்டையை ஊறவைத்துக் கசக்கினேன். பையிலிருந்து வெள்ளையாக மாவு மாதிரி ஏதோ கரைந்து வந்தது. கையை விட்டுத் துழாவினால், கரைந்தும் கரையாமலும் மாத்திரைகள். எனக்கு வந்ததே ஆத்திரம்! சட்டையைப் பிழியக்கூட இல்லை, சொட்டச் சொட்ட எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன்.

மனுஷனுக்குத் துளி வெட்கம் இல்லை. "அத்த நிறுத்திட்டேன்மா. நம்ம டாக்டரே நிறுத்தச் சொல்லிட்டாரு" என்றார்.

"எப்ப போனீங்க டாக்டர்கிட்ட?"

"போவல. போன்ல வந்து சொன்னாரு."

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. சவாரி வராத நேரத்தில் இவர் ஸ்டாண்டில் உட்கார்ந்து போனில் லூடோ ஆடுவார். ஆட்டத்துக்கு நடுவே விளம்பரம் வரும். அப்படி ஒரு விளம்பரத்தில் எங்கள் டாக்டர் வந்தாராம். மாத்திரை தின்று கிட்னியைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், இந்தப் பொடியை வெந்நீரில் கலந்து குடியுங்கள், சர்க்கரை இருந்த இடம் தெரியாமல் போய்விடும் என்றாராம். இவரும் உடனே பொடியை வரவழைத்து, ஆட்டோ சீட்டுக்கு அடியில் ஒளித்துவைத்துக் குடித்துக்கொண்டிருக்கிறார்.

எங்கள் டாக்டர் என்றால், நாங்கள் வழக்கமாகப் போகும் ஆஸ்பத்திரியின் சர்க்கரை டாக்டர். வட கர்நாடகத்துக்காரர். எங்களுக்கும் கன்னடம் தண்ணி பட்ட பாடு என்பதால் அவரிடம் கன்னடத்தில்தான் பேசுவோம். "அவருக்கு ஏதுங்க தமிழு?" என்று கேட்டேன்.

அதற்கும் பதில் தயாராக வைத்திருந்தார். "நம்ம ஜனங்களுக்காகக் கத்துக்கினு இருப்பாரு. ஆஸ்பத்திரில மாத்திரை எழுதலன்னா அவர் வேலைக்கு உலை வச்சிருவானுங்க. அங்க சொல்ல முடியாதத இங்க நம்ம பாஷையில சொல்றாரு. தங்கமான மனுஷம்மா." சொல்லும்போது அவர் குரலே ஒரு மாதிரி இளகிவிட்டது. ஒருத்தர் நமக்காக நம் பாஷையைக் கற்றுக்கொண்டார் என்றால் யாருக்குத்தான் நெஞ்சு குளிராது?

ஆனால் என் கண் அவர் காலில் இருந்தது. பிரேக் மிதிக்கிற வலது காலில், கட்டைவிரலுக்குப் பக்கத்தில் ஒரு கொப்புளம் உடைந்து புண்ணாகியிருந்தது. செருப்பு கடித்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாரக்கணக்கில் ஆகியும் காயவில்லை. இதே மாதிரி ஒரு புண்ணில் ஆரம்பித்து என் சொந்த அண்ணனின் பாதத்தையே எடுத்தார்கள். அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

அந்த விளம்பரத்தைக் காட்டுங்கள் பார்ப்போம் என்றேன். அது என்ன, கூப்பிட்டால் வருமா? ஆட்டத்துக்கு நடுவில் அதுவாகத்தான் வர வேண்டுமாம். சரி என்று நானே போனை வாங்கி லூடோ ஆட உட்கார்ந்தேன். பட்டுப்புடவை வந்தது, ரம்மி வந்தது, தேவனஹள்ளியில் வீட்டுமனை வந்தது, டாக்டர் மட்டும் வரவில்லை. வேலை முடிந்து வந்து இரண்டு மூன்று சாயங்காலம் இதே பிழைப்பு. "எனக்குப் புத்தி சொல்லிட்டு நீ ஆட ஆரம்பிச்சிட்டியா?" என்று அவர் வேறு கிண்டல். கடைசியில் ஒரு நாள் என் காயை வெட்டிவிட்டார்களே என்று எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருக்கும்போது டாக்டர் வந்தார்.

சத்தியமாகச் சொல்கிறேன், நானே ஆட்டம் கண்டுவிட்டேன். அதே முகம். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிடுகிற அதே பழக்கம். பின்னால் ஆஸ்பத்திரியின் அதே பச்சைத் திரை. பேச்சோ, தங்குதடை இல்லாத தமிழ். வாய் அசைவதும் வார்த்தையும் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஒரு நிமிஷம், என் வீட்டுக்காரர் சொல்வது உண்மையாகவே இருக்குமோ என்று நினைத்துவிட்டேன். அதை அப்படியே போனில் பதிந்துகொண்டேன். மறுநாள் பி.ஜி.க்கு லீவு சொல்லிவிட்டு அவரை ஆஸ்பத்திரிக்குக் கிளப்பினேன். அவரும் ஜாலியாகத்தான் வந்தார். "வா, அவர் வாயாலேயே கேட்டுக்கோ" என்று சவால் வேறு.

ரத்தப் பரிசோதனையைப் பார்த்ததும் டாக்டருக்குக் கோபம். காலைப் பார்த்ததும் கோபம் போய்க் கவலை வந்துவிட்டது. மாத்திரையை ஏன் விட்டாய் என்று கன்னடத்தில் கேட்டார். என் வீட்டுக்காரர் வேண்டுமென்றே தமிழில், "நீங்கதானே சார் சொன்னீங்க" என்று சொல்லிவிட்டு, ரகசியம் தெரிந்தவர் மாதிரி ஒரு சிரிப்பு சிரித்தார்.

"நனகெ தமிழு பரல்லப்பா" என்றார் டாக்டர். எனக்குத் தமிழ் வராதப்பா என்கிறார்.

அப்போதும் இவர் விடவில்லை. என் காதில், "நர்ஸம்மா நிக்குது இல்ல, அதான் நடிக்கிறாரு" என்கிறார்! தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. நான் போனை எடுத்து மேஜைமேல் வைத்து, பதிந்ததைப் போட்டேன்.

டாக்டர் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தார். அப்புறம் என்னிடம் மெதுவாக, "இதரல்லி நானு ஏனு ஹேள்தித்தீனி?" என்று கேட்டார். இதில் நான் என்ன சொல்கிறேன் என்கிறார். அவர் வாயிலிருந்து வந்த பேச்சுக்கு என்னிடம் அர்த்தம் கேட்கிறார்!

நான் ஒவ்வொரு வரியாகக் கன்னடத்தில் சொன்னேன். மாத்திரையை நிறுத்துங்கள் என்கிறீர்கள். ஆஸ்பத்திரியை நம்பாதீர்கள் என்கிறீர்கள். என் சொந்தத் தாய்க்கே இந்தப் பொடியைத்தான் கொடுத்தேன் என்கிறீர்கள். அந்த இடத்தில் டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். அவருடைய அம்மா சர்க்கரை வியாதியில்தான் இறந்தாராம். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் சட்டென்று குனிந்து தன் காலைப் பார்த்தார். அவர் பயந்ததை அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரிக்காக டாக்டர் எப்போதோ கன்னடத்தில் பேசிக் கொடுத்த ஒரு வீடியோவை எடுத்து, யாரோ கம்ப்யூட்டரில் தமிழ்க் குரலை ஒட்டி, அதற்கு ஏற்ப வாயசைவையும் மாற்றியிருக்கிறார்கள். டாக்டர் போலீஸில் புகார் கொடுப்பதாகச் சொன்னார். பொடி வாங்கி ஏமாந்தவர்கள் என்ற முறையில் நீங்களும் கொடுங்கள் என்றார். ஆட்டத்துக்கு நடுவில் அது மறுபடி வந்தபோது, விளம்பரத்திலேயே புகார் சொல்லும் பட்டன் இருக்கிறதே என்று அழுத்தினேன். "எங்கள் விதிகளை மீறியதாகத் தெரியவில்லை" என்று விளம்பரக் கம்பெனியிடமிருந்து பதில் வந்தது. வந்த கோபத்தில் போனைத் தூக்கி எறிந்திருப்பேன். மாதத் தவணை இன்னும் முடியவில்லையே என்று எறியவில்லை.

அப்புறம் நுகர்வோர் உதவி மையத்துக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டாள். பதிந்த வீடியோவை அனுப்பச் சொன்னாள், பொடி டப்பாவை நாலு பக்கமும் போட்டோ எடுக்கச் சொன்னாள். டப்பாவில் முகவரியே இல்லை என்றேன். "அதையே எழுதுறேன்மா, அதுவும் குத்தம்தான்" என்றாள். நம் பேச்சை ஒருத்தர் எழுதிக்கொள்கிறார் என்பதே பாதி பாரத்தை இறக்கிவிட்டது.

அடுத்த முறை புண்ணுக்குக் கட்டு மாற்றப் போனபோது டாக்டர் ஒரு உதவி கேட்டார். தமிழில் நிஜமாகவே நான் பேசி ஒரு வீடியோ எடுக்க வேண்டும், சொல்லிக்கொடுங்கள் என்றார். என் வீட்டுக்காரர் வாத்தியார் ஆகிவிட்டார்! அதுவரை இவரைத் திட்டிய டாக்டரை, இப்போது இவர் விரட்டுகிறார். "காலைக் கழுவுங்கள்" என்றால் டாக்டருக்குக் "களுவுங்கோ" என்றுதான் வருகிறது. இவர் விடாமல் திருத்துகிறார், டாக்டருக்கு வேர்க்கிறது, நர்ஸம்மா சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார். நான்தான் சொன்னேன்: "அவர உடுங்க. சுத்தமா பேசினா இதுவும் டூப்புன்னுதான் நெனப்பாங்க."

அப்படியேதான் எடுத்தோம். "மாத்திரை நிறுத்தாதிங்கோ. பொடி வாங்காதிங்கோ. அது நான் இல்லே. இதுதான் நான்." அவ்வளவுதான் வீடியோ. ஸ்டாண்டில் இருந்த எல்லா ஆட்டோக்காரர்களுக்கும் என் வீட்டுக்காரர் அனுப்பினார். அங்கிருந்து அது மார்க்கெட், கறிக்கடை, துணிக்கடை என்று சுற்றிக்கொண்டு என் பி.ஜி. வாட்ச்மேன் வரைக்கும் வந்தது. பொடி வாங்கியவர்கள் இன்னும் சிலர் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்தார்கள் என்று டாக்டரே சொன்னார்.

கொஞ்ச நாள் கழித்து, அந்த விளம்பரத்தை எடுத்துவிட்டார்கள் என்று உதவி மையத்திலிருந்து தகவல் வந்தது. அன்றைக்குப் பாயசம் வைத்தேன், அவருக்கு மட்டும் கொடுக்கவில்லை. அதே பொடி வேறொரு முகத்தோடு மறுபடி வரத்தான் செய்கிறது. இப்போது இவரே பதிந்து அனுப்பிப் புகார் கொடுக்கிறார், சவாரிக்கு வருகிறவர்களுக்கும் எப்படிக் கொடுப்பது என்று கற்றுக்கொடுக்கிறார். கால் புண் ஆறி, அந்த இடத்தில் இப்போது வெறும் தழும்புதான்.

தினமும் காலையில் என் கண் முன்னால் மாத்திரையைப் போட்டுவிட்டு, "அது நான் இல்லே" என்று டாக்டர் மாதிரியே பேசிக் காட்டிவிட்டு அவர் ஆட்டோவைக் கிளப்பும்போது, நமக்காக நிஜமாகவே ஒருத்தர் நம் பாஷையைத் தட்டுத்தடுமாறிப் பேசினார் என்பதை நினைத்து எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிறைந்துவிடுகிறது.