திறந்து விட்ட குழாய்

சமார் தீவில் ஒரு மீனவருக்குப் பிறந்த பன்னிரண்டு பிள்ளைகளில் நார்சிசா ஒன்பதாமவள். மூத்தவன் அப்பனோடு படகுக்குப் போனான், இரண்டாமவள் மணிலாவில் சமையல்காரி, மூன்றாமவள் கைக்குழந்தையிலேயே போய்விட்டாள். மற்றவர்கள் ஆளுக்கொரு திசை. கல்யாணம் ஆகாத நார்சிசா கலாம்பா ஊரின் மின்னணுத் தொழிற்சாலையில் சர்க்கியூட் பலகைகளை அலசும் வேலைக்கு வந்து சேர்ந்தாள்.

அலசும் அறையில் நாளைக்கு இரண்டே ஷிப்ட், ஒரு நேரத்துக்கு ஒரே ஆள்தான். காலை ஷிப்ட்காரி இரண்டு மணிக்கு ஒரு கதவால் போவாள். இவள் இரண்டேகாலுக்கு இன்னொரு கதவால் நுழைவாள். எட்டு வருஷமாக ஒருத்தி முகத்தை மற்றவள் பார்த்ததில்லை. அவள் குள்ளம் என்பது மட்டும் தெரியும். தன் உயரத்துக்குத் திருகித் தாழ்த்திய முக்காலியை அப்படியே விட்டுப் போவாள். நார்சிசா வந்ததும் அதைப் பதினொரு சுற்று திருகி உயர்த்திக்கொள்வாள்.

போகிறவள் தண்ணீர்க் குழாயையும் திறந்துவிட்டுப் போவாள். கொஞ்ச நேரம் குழாயில் நின்ற தண்ணீரும் பலகைக்கு ஆகாது. ஓடவிட்டு, தண்ணீரின் சுத்தத்தைக் காட்டும் மீட்டர் முள் பச்சைக்கு வந்த பிறகே நனைக்கலாம். வருகிறவள் காத்து நிற்கவேண்டாமே என்று அவளாகச் செய்தது அது. கதவைத் திறந்ததும் நார்சிசாவுக்குத் தண்ணீர்ச் சத்தம் கேட்கும். வாடகை அறையில் வானொலிகூட இவள் போட்டால்தான் வாய் திறக்கும். இவளுக்கென்று ஒருத்தி முன்கூட்டியே செய்து வைத்த காரியம் உலகத்தில் அது ஒன்றுதான்.

மே மாதம், தண்ணீர்ச் செலவை மூன்றில் ஒரு பங்கு குறைக்கும் வேலையோடு இஞ்சினியர் ரோமுலோ வந்தான்.

"சிசா அக்கா, நீங்க விடுற தண்ணில ஏரியே காஞ்சிடும் போல!"

"ஏரி இருக்கட்டும் சார். எங்க சந்துல குழாய்க்கு ஒரு மாசமா இருமல். காத்துதான் வருது."

அவன் சிரித்தான். "சரி, நெஜத்தைச் சொல்லுங்க. ஆளில்லாத கால்மணி நேரம் இது ஓடுதே, அவசியமா? அவசியம்னா விட்டுடறேன். இல்லைன்னா அந்தக் காலை ஷிப்ட் பெனில்டாவுக்கு ஒரு மெமோ குடுக்கணும்."

பெனில்டா. எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பெயர் அவள் காதில் விழுந்தது.

அவசியம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சத்தம் நிலைத்துவிடும். நார்சிசா ஓடுகிற தண்ணீரையே பார்த்தாள். விடிவதற்கு முன்பே சந்தில் வாளிகளோடு வரிசை நிற்குமே, அதுவும் ஞாபகம் வந்தது.

"நான் வந்து ரெண்டு நிமிஷம் விட்டா போதும் சார். மெமோ மட்டும் வேணாம். நான் காத்துக் கிடக்கக் கூடாதுன்னுதான் அவ திறந்து வெச்சா. அதையும் அவகிட்டச் சொல்லுங்க."

"எதை?"

"எனக்குத் தெரியும்னு."

மறுநாள் கதவைத் திறந்தாள், சத்தமில்லை. தானே குழாயைத் திறந்து, முள்ளைப் பார்த்தபடி இரண்டு நிமிஷம் நின்றாள். அடுத்த நாளும் அப்படித்தான். அந்த இரண்டு நிமிஷம் கால்மணியை விட நீளமாக இருந்தது.

நாலாம் நாள் வழக்கம்போல முக்காலியைத் திருகக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அது ஏற்கெனவே அவள் உயரத்துக்கு ஏற்றி வைக்கப்பட்டிருந்தது.

அறையில் சத்தம் ஏதுமில்லை. ஷிப்ட் முடிந்து கிளம்பும்போது நார்சிசா எண்ணிக்கொண்டே முக்காலியைப் பதினொரு சுற்று கீழே இறக்கினாள்.