எட்டா, நாலா

காப்பிச் செடிகளுக்கு நடுவே இறங்கிக்கொண்டிருந்தபோது எதிரே ஏறி வந்த ஒருவர், "என்னப்பா, அதுக்குள்ள சோலி முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார். நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்தேன். திமிர் பிடித்தவன் என்று நினைத்திருப்பார். வாயைத் திறந்து பேசினால் மெட்டு போய்விடும். குரங்கணி போய், ஜீப் பிடித்து, போடியில் இறங்கும் வரைக்கும் அதை வாய்க்குள்ளேயே வைத்திருக்க வேண்டும்.

குரங்கணிக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் அதுவரை வேலை. ஒரு பாட்டின் பல்லவி என்னிடம் வெகுநாளாக இருந்தது. சரணம் மட்டும் வரவே இல்லை. அன்று காலை தொழிலாளர் லைன் வீட்டுக்குப் பின்னால் பல் விளக்கிக்கொண்டு நின்றபோது முழுசாக வந்தது. வாயைக் கொப்பளித்துவிட்டுப் போனில் பாட ஆரம்பித்தேன். ரெண்டாவது வரியில் கங்காணி கூப்பிட்டார். பதிவு நின்றுபோனது. துண்டித்துவிட்டு மறுபடி பாடினேன். மறுபடி கூப்பிட்டார். மூன்றாவது தடவை ஆளே வந்து நின்றார்.

"போனை எடுக்க மாட்டியோ? பொம்பளையாளுக அம்புட்டுப் பேரும் காய் எடுக்கப் போயாச்சு. இங்க என்ன கச்சேரியா நடக்குது?"

"பாடி முடிச்சிட்டு வர்றேன்."

"முடிச்சிட்டு அப்படியே கீழ இறங்கிரு."

போனில் சார்ஜும் தீர்ந்துபோனதால் பாட்டை வாயில் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். இதைவிடச் சின்னக் காரணத்துக்கெல்லாம் வேலையை விட்டிருக்கிறேன். தேவாரத்தில் ஒரு ஓட்டலில் எச்சில் இலை எடுத்தேன், கம்பத்தில் திராட்சைப் பந்தல் கட்டினேன், திருப்பூரில் துணி மூட்டை தூக்கினேன். எட்டாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து ஒரே இடத்தில் ஒரு வருஷம் இருந்தது கிடையாது. ஒரு பை, ரெண்டு செட் துணி, ஒரு போர்வை. கிளம்புவதற்குப் பத்து நிமிஷம் போதும்.

போனில் பாட்டுப் பிடிப்பதில் கங்காணி மட்டும் தொல்லை இல்லை. எனக்கு ஒரு குரல் போதாது. முதலில் பாட்டைப் பாடி, பிறகு அதற்குத் துணையாக இன்னொரு குரல் பாடி, டின்னில் தாளம் தட்டினால்தான் அது பாட்டாக நிற்கும். அதற்காக ஒரு போனில் பாடியதை ஓடவிட்டு, கூட இருந்தவனின் போனில் அதையும் சேர்த்துப் பிடிப்பேன். மூன்றாவது சுற்றில் முதல் குரல் கிணற்றுக்குள் விழுந்தவன் கத்துவது மாதிரி ஆகிவிடும். தாளம் தப்பினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து பாட வேண்டும்.

ஒவ்வொரு குரலையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளும் மிஷின் இருக்கிறது என்பதைப் போனில் வீடியோ பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்தத் தனித்தனி இடத்துக்கு ட்ராக் என்று பேர். தப்பாகப் பாடியதை மட்டும் அழித்துவிட்டு மறுபடி பாடலாம். கம்ப்யூட்டர் தேவையில்லை. முக்கியமாக, அந்த மிஷினுக்கு யாரும் போன் பண்ண முடியாது.

புதுசு வாங்குவது நடக்கிற காரியமில்லை. போடியில் கல்யாணம் காதுகுத்துக்கு ரேடியோ செட் கட்டுகிற அண்ணன் ஒருவர் முன்பு கச்சேரிக் குழு வைத்திருந்தவர். அவரிடம் பழைய மிஷின் ரெண்டு இருந்தன. ஒன்று எட்டு ட்ராக், சாப்பாட்டுத் தட்டு அளவு. இன்னொன்று நாலு ட்ராக், உள்ளங்கைக்குக் கொஞ்சம் பெரிசு. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை போய் ரெண்டையும் தடவிப் பார்த்துவிட்டு, முடிவெடுக்க முடியாமல் திரும்பியிருந்தேன்.

இறங்கும்போது முடிவு பண்ணினேன். எட்டுதான்.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். போடியில் கொஞ்ச நாள் ஏலக்காய்ச் சல்லடை ஆட்டியவன் நான். அங்கே எட்டு எம்.எம். சல்லடையில் தங்குகிற காய்தான் முதல் தரம். ஏழு என்றாலே வியாபாரியின் முகம் கொஞ்சம் இறங்கும். ஆறில் பேரம் வேறு மாதிரி போகும். நாலு என்று ஒரு பேச்சே அங்கே கிடையாது. அது கூட்டித் தள்ளுகிற தூசி. எட்டு என்று நினைத்ததும் என் மனசு தானாக அந்தப் பக்கம் போனது.

குரங்கணியில் ஜீப் நின்றது. "கேறு அண்ணே, கேறு," என்று டிரைவர் அவசரப்படுத்தினான். உள்ளே ஏழெட்டுப் பெண்கள். ஏறி உட்கார்ந்து மூக்குக்குள்ளேயே மெட்டை ஓட்டிக்கொண்டு வந்தேன்.

பக்கத்திலிருந்த அம்மா என்னையே பார்த்துவிட்டு, "வாயில என்னப்பா, வெத்தலையா?" என்றார்.

இல்லை என்று தலையாட்டினேன்.

"பல்லு வலியா இருக்கும்," என்றாள் எதிரே இருந்தவள்.

"பல்லு வலிக்கு எதுக்குடி தாளம் போடுறான்?"

ஜீப்பே சிரித்தது. அதைத் தாங்கிக்கொள்ளலாம். டிரைவர் பாட்டுப் போட்டதைத்தான் தாங்க முடியவில்லை. போடி போய்ச் சேரும் வரைக்கும் திரும்பத் திரும்ப ஒரே பாட்டு. ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தேன். "வாந்தி வருதோ என்னமோ, அவனை ஓரமா விடுங்க," என்று அந்த அம்மாதான் இடம் மாற்றி உட்கார வைத்தார்.

ரேடியோ செட் அண்ணனின் முன்னறை முழுக்கக் குழாய் ஸ்பீக்கர். நடையில் அவர் மனைவி, நான் மதினி என்று கூப்பிடுகிறவர், தட்டில் ஏலக்காயைக் கொட்டி வெடித்ததையும் நிறம் வெளுத்ததையும் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் எதுவும் பேசாமல் எட்டு ட்ராக்கைக் காட்டினேன்.

"வா மாப்ளே. என்ன, மலையில நாக்கை அறுத்துவிட்டுட்டாங்களா?"

மறுபடி காட்டினேன்.

"எட்டா? ஒண்ணு சொல்லிப்புடுறேன். எட்டு ட்ராக்குன்னா எட்டுப் பேரு ஒண்ணா நின்னு பாடலாம்னு நெனைக்காத. மைக்கு சொருக ரெண்டு ஓட்டைதான் இருக்கு. ஒவ்வொண்ணாத்தான் நெரப்பணும்."

நான் ஒற்றை ஆள்தானே. சீக்கிரம் என்று கையைச் சுழற்றினேன். அவர் வயரைச் சுவரில் சொருகி, மைக்கைக் கொடுத்தார். பாடினேன். மெட்டு சேதாரமில்லாமல் வந்தது. ஹெட்போனில் அதைக் கேட்டுக்கொண்டே ரெண்டாம் குரல் பாடினேன். முதல் குரல் கிணற்றுக்குள் விழாமல் பக்கத்திலேயே நின்றது. அங்கே கிடந்த ஒரு டின்னை எடுத்துத் தட்ட ஆரம்பித்தேன்.

கரண்டு போனது.

ஃபேன் நின்றது. மிஷினில் எரிந்த சிவப்பு விளக்கும் அணைந்தது.

"ஸேவ் அமுக்குனியா?" என்றார் அண்ணன்.

"அமுக்கணும்னு நீங்க சொல்லலையே." தோட்டத்தை விட்டு இறங்கியதிலிருந்து அதுதான் நான் பேசிய முதல் பேச்சு.

"நீ எங்கடா சொல்லவிட்ட? கையைக் கையைச் சுத்துற. அமுக்காம கரண்டு போச்சுன்னா அம்புட்டும் போச்சு."

போனால் போகட்டும், வாயில் இருக்கிறதே என்று மறுபடி பாடினேன். ரெண்டு வரி போனதும் அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். "மாப்ளே, இது ஜீப்புக்கு ஜீப்பு போடுற பாட்டு."

அவர் சொன்னது சரிதான். வேறு மாதிரி ஆரம்பித்தேன். சுற்றிக்கொண்டு அங்கேயே போய் நின்றது. எழுந்து வாசலுக்குப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன். வேலை போனதற்கு நான் ஒரு நொடிகூட வருந்தவில்லை. இது அப்படியில்லை. கங்காணியிடம் ஏச்சு வாங்கி, மலை இறங்கி, ஊமையாக உட்கார்ந்து கொண்டுவந்ததைச் சுவரில் இருக்கிற ஓட்டை தின்றுவிட்டது.

அப்போதுதான் நடையிலிருந்து அது கேட்டது. மதினி தட்டைப் பார்த்தபடி முனகிக்கொண்டிருந்தார். என் சரணம். ஒரு காயை எடுத்துப் போடுகிற நேரத்துக்கு ஒரு நிறுத்தம் வைத்து, கொஞ்சம் மெதுவாக.

"மதினி, அதைத் திருப்பிப் பாடுங்க!"

"எதை?"

"இப்பப் பாடுனீங்களே."

"நான் எங்க பாடுனேன்? ஏலக்காய் பொறுக்குறேன்."

"பாடு ஆத்தா. இல்லேன்னா இவன் வாசலுக்கும் நடைக்கும் நடந்தே தரையைத் தேய்ச்சிருவான்," என்றார் அண்ணன். சொல்லிக்கொண்டே நாலு ட்ராக்கை எடுத்து, டார்ச்சுக்குப் போடுகிற சின்ன செல் நாலை அதில் அடைத்து, அமுக்கிவிட்டார். அதற்கு மைக் உள்ளேயே இருந்தது. வயரும் இல்லை, சுவரும் வேண்டாம்.

"என் குரலைப் புடிச்சீங்க, நடக்கிறதே வேற," என்றார் மதினி. ஆனாலும் மூன்று தடவை முனகினார். நான் அவர் பின்னாலேயே பாடி மெட்டைப் பிடித்துக்கொண்டேன். முதல் குரல், ரெண்டாம் குரல், டின். ஒவ்வொன்று முடிந்ததும் அண்ணன் கேட்காமலேயே என் விரலைப் பிடித்து ஸேவில் வைத்தார். கடைசி வரி காலையில் இப்படித்தான் முடிந்ததா என்று எனக்கு நிச்சயமில்லை. இன்றைக்கும் இல்லை. மதினி வைத்த அந்த நிறுத்தம் அதில் இருக்கிறது.

"அப்ப எட்டைத்தான் கட்டவா?" என்றார் அண்ணன்.

"நாலு."

"அதானே. எட்டாப்புல பாதியில ஓடுனவன். உனக்கு நாலு போதும்."

"ஏலக்காயில நாலுன்னா குப்பை, தம்பி," என்றார் மதினி, தலையைத் தூக்காமல்.

கையில் இருந்த காசு அந்த நாலுக்கும் எட்டவில்லை. போனை எடுத்து முன்னால் வைத்தேன். அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதைக் குடுத்துட்டா உன்னை எப்படிக் கூப்பிடுறது?"

"கூப்பிட வேண்டாம்ணே."

போனிலிருந்த மெமரி கார்டை மட்டும் கழற்றிக்கொண்டேன். அதில் பாதிப் பாட்டுகள் நிறையக் கிடந்தன.

மறுநாள் விடிந்ததும் மலைக்குப் போகிற ஜீப்புகள் நிற்கும் இடத்துக்குப் போனேன். மேலே வெகுதூரத்தில் இருந்த ஒரு தோட்டத்து சூப்பர்வைசர் மருந்து அடிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். யாரும் போகத் தயாராக இல்லை.

"கரண்டு கெடையாது. டவரும் கெடையாது. அப்புறம் வந்து அழக் கூடாது," என்றார்.

"பரவால்லண்ணே."

"போன் நம்பரைச் சொல்லு."

"போன் இல்லை."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். குடிகாரனா, களவாணியா என்று யோசித்திருப்பார். "சரி, கேறு," என்றார்.

மருந்து அடிக்கிறவனுக்குப் பின்னால் ஓஸ் குழாயை இழுத்துக்கொண்டு போகிற வேலை. தோளில் போட்டுச் சரிவில் இழுக்க வேண்டும். செடியில் மாட்டினால் எடுத்துவிட வேண்டும். பம்பு சத்தத்தில் யார் என்ன பாடினாலும் கேட்காது. நாலாவது ட்ராக் காலியாக இருந்தது. அதற்கு என்ன குரல் வைக்கலாம் என்று பாடிப் பார்த்துக்கொண்டே இழுத்தேன்.