கைப்பையில் இருந்த பேனா மூடி

'பட்டாசு சிஸ்டர்' என்று யார் பெயர் வைத்தார்களோ, அவ்வளவு பொருத்தம். குழந்தைகளின் மூச்சுக்குழாயில் சிக்கியதை எடுக்கும் அறையில் அவருக்குப் பத்தொன்பது வருஷமாக வேலை. டாக்டர் குழாயை உள்ளே விடுவதற்கு முன், எந்த இடுக்கி பொருளைக் கவ்வும் என்று பார்த்துவைப்பது அவர் பொறுப்பு. அதற்காகவே, உள்ளே போனது போல இன்னொன்றைக் கொண்டுவரச் சொல்வார். கடலை என்றால் கடலை, பாசிமணி என்றால் பாசிமணி. பொருந்தாத இடுக்கி வழுக்கினால் சனியன் இன்னும் ஆழத்துக்குப் போய்விடும்.

இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லலாம்தான். தினம் ஒரு கடலை வந்தால் பொறுமை எங்கிருந்து வரும்?

"ஏம்ப்பா, கடைவாய்ப்பல்லே முளைக்காத புள்ளைக்குக் கடலையா? மூளையைக் கழட்டி வச்சிட்டு வளக்குறீங்களா?"

அன்று ஒரு அப்பாவை வராந்தாவே அதிரும்படி வாங்கு வாங்கென்று வாங்கினார்.

அடுத்து ஒரு அம்மா, இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. மூன்று வாரமாக விடாத இருமல்.

"எதையாச்சும் வாயில போட்டு, திடீர்னு புரை ஏறுச்சா?"

"இல்ல சிஸ்டர்."

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா."

"இல்லவே இல்ல."

சீட்டில் 'இல்லை' என்று எழுதினார். எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியவில்லை. சளி மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

பத்தாம் நாள் அதே குழந்தை அனலாகக் கொதிக்கும் உடம்போடு வந்தது. மூச்சில் விசில் சத்தம். வலது நுரையீரலுக்குக் காற்றே போகவில்லை.

"உள்ள ஏதோ இருக்கு. உடனே எடுத்தாகணும்," என்றார் டாக்டர்.

ஏதோ என்றால் எது? எந்த இடுக்கியை எடுத்துவைப்பது? சிஸ்டருக்குக் கோபம் தலைக்கேறியது. அவர் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா கைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். நீலப் பேனா மூடி. பிளாஸ்டிக், எக்ஸ்ரேக்கு டிமிக்கி கொடுக்கும் பொருள்.

"இதே மாதிரி ஒண்ணுதான் உள்ள போச்சு, சிஸ்டர். காட்டத்தான் அன்னைக்கே கொண்டுவந்தேன். எனக்கு முன்னாடி அந்த ஆளை நீங்க திட்டினதைக் கேட்டதும் நாக்கே எழும்பல."

சிஸ்டர் மூடியை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். கையிலிருந்த மூடியில் வைத்துப் பார்த்தார்; முதல் இடுக்கி வழுக்கியது. இரண்டாவதும் வழுக்கியது. மூன்றாவது கவ்வியது. அதைக் கொண்டு ஆறு நிமிடத்தில் டாக்டர் உள்ளே சிக்கிய மூடியை வெளியே எடுத்துவிட்டார். குழந்தையின் மார்பு இரண்டு பக்கமும் ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் சிஸ்டருக்குப் போன உயிர் திரும்பியது.

வெளியே அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"இப்பத் திட்டுங்க சிஸ்டர். எவ்வளவு வேணும்னாலும் வாங்கிக்கிறேன்."

சிஸ்டரின் கையில் பழைய சீட்டு. அவருடைய கையெழுத்திலேயே 'இல்லை'.

"உக்காரும்மா. புள்ள முழிச்சதும் கூப்பிடுறேன்," என்றார். அந்தக் குரல் அவருக்கே சரியாகக் கேட்கவில்லை.