ஆள் நீளக் குழாயும் அதைக் கேட்ட காதுகளும்

ரேடியோ ரிப்பேர்க் கடைக்கு வருகிறவன் கோபத்தோடு வருவான், சரிசெய்து கொடுத்தால் சந்தேகத்தோடு போவான். ஈயம் பற்றவைத்துப் பிழைக்கிற சகோதரர்கள் எல்லோருக்கும் இது தெரிந்த கதைதான். எனக்கு அதோடு இன்னொரு வியாதியும் உண்டு. பழைய ஒலிபெருக்கிக் கூம்புக் குழாய்களைக் கண்டால் விடமாட்டேன்.

பேசும் படம் வந்த புதிதில் கொட்டகைகளில் ஆள் நீளத்துக்குக் குழாய் வைத்திருந்தார்கள். ஐம்பதுகளில் புதுச் சாமான்கள் வரவும் அதையெல்லாம் கழற்றி எறிந்தார்கள். கொஞ்சம் மின்சாரம் கொடுத்தால் போதும், ஒரு ஆள் எதிரே நின்று பேசுவதுபோல் பேசுகிற சாதனம் அது. அதை எறிய எப்படித்தான் மனசு வந்ததோ!

கோழியின் உரிமை

இலஞ்சிப் பக்கம் ஒரு டூரிங் கொட்டகைக்காரர் தன் குழாயைக் கழற்றிவிட்டார் என்று கேள்விப்பட்டு, தென்காசியிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். மாட்டுத் தொழுவத்தில் கிடந்தது. வாய்ப் பக்கம் வைக்கோலைத் திணித்து, அதற்குள் ஒரு கோழி அடை உட்கார்ந்திருந்தது. ஒரு ஊரே கேட்டு அழுத குரலும் சிரித்த குரலும் வந்த வாய் அது.

“எடுத்துட்டுப் போரும், நான் வேண்டாங்கலை. ஆனா குஞ்சு பொரிக்கட்டும்” என்றார். பதினேழு நாள் காத்திருந்தேன். நடுவில் இரண்டு தடவை போய், கோழி எழுந்துவிட்டதா என்று பார்த்துவிட்டும் வந்தேன். வண்டியில் ஏற்றுகிறபோது, “இவ்வளவு அருமையான சாமானை இப்படிப் போட்டு வச்சிருக்கீரே” என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. அவர் அசரவே இல்லை.

“பேச்சை நிப்பாட்டுன பெறகுதான்வே அது உருப்படியா ஒரு வேலை பாத்துது.”

தங்கம் தொட்ட கை

குழாயின் துருவைச் சுரண்டவே ஒரு மாதம் ஆயிற்று. தகரம் தனியாகக் கிணுகிணுக்காமல் இருக்க வெளிப்பக்கம் முழுக்க ரோட்டுக்குப் போடுகிற கீல் பூசினேன். பூசிய கை ஒரு வாரம் சோற்றிலும் கீல் வாசனை காட்டியது. குழாயின் பின்னால் சத்தத்தை உண்டாக்குகிற யூனிட்டில் செப்புச் சுருள் அறுந்திருந்தது. அதை நானே சுற்றிவிட்டேன். சுருளோடு சேர்ந்து அதிர்கிற சவ்வுதான் என்னைப் படுத்திவிட்டது. மெல்லிய அலுமினியத் தகடு, சின்னக் கிண்ணம்போல் வளைந்திருக்க வேண்டும். பழையது பொடிப்பொடியாக வந்தது. புதிதுக்குக் கம்பெனிக்கு எழுதிக் கேட்டால், அந்த மாடலே இப்போது இல்லை என்று பதில் வந்தது.

கடைசியில் நகை செய்கிற ஆறுமுக ஆசாரியிடம் போனேன். “தங்கம் தொடுத கையில அலுமினியத்தைக் குடுக்கீரோ?” என்று எழுந்தே விட்டார். நான் விடவில்லை. நாலு நாள் அவர் பட்டறை வாசலிலேயே உட்கார்ந்தேன். என் தொந்தரவு பொறுக்காமல் அடித்துப் பார்த்தார். முதல் தகடு கிழிந்தது, இரண்டாவதும் கிழிந்தது. அதற்கப்புறம் கோபம் என் மேலிருந்து தகட்டின் மேல் திரும்பிவிட்டது. வந்த வாடிக்கைக்காரரைக்கூட, “பெறவு வாரும்” என்று அனுப்பிவிட்டார். ஐந்தாவது தகடு வெங்காயத் தோல் மாதிரி வந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர், சிரிக்காமல் சொன்னார்:

“இத்தன வருசமா காதுல போடத்தான் செஞ்சேன், காது கேக்கதுக்குச் செய்யது இதான் அண்ணாச்சி மொதத் தடவ.”

மூச்சு

முதலில் அதைக் கேட்கக் கூப்பிட்டது கோயில் நாயனக்காரர் சுப்பையா அண்ணாச்சியை. மைக் என்றாலே முகம் சுளிப்பார். “தகரத்துக்குள்ள சங்கீதம் ஏது?” என்பார். ஒரு சாயங்காலம் இழுக்காத குறையாக அழைத்து வந்து, ஒரு பழைய நாயன இசைத்தட்டைப் போட்டேன்.

தோடி ராகத்தில் நாலு பிடி வந்திருக்கும். சாய்ந்து இருந்தவர் நிமிர்ந்தார். தவிலின் தோல் அதிர்வது தனியாகக் கேட்டது. ஒரு நீளமான பிடி முடிந்ததும் வாசிக்கிறவர் மூச்சு வாங்குவது, ஆமாம், மூச்சு வாங்குவது கேட்டது. அந்த இசைத்தட்டை நான் ஐம்பது தடவை கேட்டிருக்கிறேன், அதில் ஒரு மனுஷன் இருப்பது அன்றுதான் தெரிந்தது. அண்ணாச்சியின் கண் கலங்கியிருந்தது. பாராட்டு வரப்போகிறது என்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடுகடுப்பாகச் சொன்னார்:

“எந்த எடத்துல மூச்சு வாங்கணுங்கதுதான்வே எங்க தொழில் ரகசியம், அதை இப்படித் தெருவுல போட்டு உடைக்கீரே!”

மேலத் தெருவைப் பார்த்து

ஒரு கல்யாண வீட்டுக்காரர் வந்தார். ஊரில் மைக்செட் வைத்திருக்கிறவர்கள் இருக்க, என் குழாய்தான் வேண்டும் என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை. அருமை தெரிந்த ஒருத்தர் வந்துவிட்டார் என்று காபி வாங்கிக் கொடுத்தேன். பந்தலில் எந்தப் பக்கம் வைத்தால் இனிமையாக இருக்கும் என்று விளக்க ஆரம்பித்தேன். “பந்தலுக்கு எதுக்கு? மேலத் தெருவைப் பாத்துத் திருப்பி வையும்” என்றார். அங்கேதான் அவருடைய சொந்த அண்ணன் வீடு. வயல் வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லை, கல்யாணத்துக்கு அழைப்பும் இல்லை. தர முடியாது என்றேன். குழாயின் அருமையை எடுத்துச் சொன்னேன், பாட்டின் அருமையையும் சொன்னேன். காபியை முழுசாகக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

“பாட்டு எவனுக்குவே வேணும்? அவன் மூணு நாளு தூங்கக் கூடாது, அவ்வளவுதான்.”

குற்றாலத்தில் ஒரு உயிர்

அறுபதுகளில் ஒரு சீசனுக்கு, குற்றாலத்தில் அருவிக்குப் பக்கத்து லாட்ஜ்காரர் என்னைக் கூப்பிட்டார். மரத்தில் அவர் கட்டியிருந்த புதுக் குழாய்கள் இரைச்சலில் ஒன்றும் எடுபடவில்லை. என் குழாயை வராந்தாவில், சாரல் படாமல் வைத்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் அருவியில் தண்ணீர் திடீரென்று கூடியது. எல்லோரையும் மேலே ஏற்றினார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு அம்மா தலைவிரி கோலமாக ஓடிவந்தார். மதுரைக்காரர். வீட்டுக்காரர் எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போய் மூன்று மணி நேரமாகிறது, ஆளைக் காணோம். “தண்ணி இழுத்துட்டுப் போயிட்டுதோ அண்ணே” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். புதுக் குழாய்களில் கூப்பிட்டார்கள், பத்தடியில் நின்ற எனக்கே விளங்கவில்லை. மைக்கை வாங்கி என் குழாயில் மாட்டினேன். பெயர், ஊர், ஆபீஸ், உத்தியோகம் எல்லாவற்றையும் அந்த அம்மா சொல்லச் சொல்ல, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திக் கூப்பிட்டேன். அருவிச் சத்தத்தை விலக்கிக்கொண்டு என் குரல் மலையில் மோதித் திரும்பியது. தொழிலில் எனக்கு அதுபோல ஒரு நாள் வாய்த்ததில்லை.

ஐந்து நிமிஷத்தில் மனிதர் ஓடிவந்தார். இடுப்பில் துண்டு, உடம்பெல்லாம் எண்ணெய். தேய்த்துவிட்ட சுகத்தில் எண்ணெய் தேய்க்கிற பலகையிலேயே தூங்கிவிட்டாராம். மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அவர் மட்டும் என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். அவருக்குப் பின்னாலேயே இன்னொரு எண்ணெய் உடம்பு நிதானமாக நடந்து வந்தது. அது அவருடைய ஹெட்கிளார்க். குளிர்காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்து லீவு எடுத்திருந்தாராம் நம் ஆள்.

“உயிரோடதான்யா இருந்தேன், இப்ப நீங்கதான் கொன்னுட்டீங்க!”

குழாய் கெட்டால் பழுதுபார்க்க நான் இருக்கிறேன், காது கெட்டவனுக்குத்தான் தென்காசியிலும் குற்றாலத்திலும் ஒரு கடைகூடக் கிடையாது.